மின் கட்டணக் கருத்துக்கேட்பு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கரண்ட் பில் ஏறப்போகிறது என்று செய்தி வந்துவிட்டால் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் ஒரே மாதிரிக் கேள்விகள் கிளம்பிவிடும். ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கடிதம் எழுத அக்கம்பக்கத்தில் உள்ளவர்களுக்கு நான் உதவுவதால் அவை பெரும்பாலும் என்னிடம்தான் வந்து சேரும். அவரவர் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

இதை இப்போது தொகுக்க ஒரு காரணம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண உத்தரவு 2026-27 நிதியாண்டு வரைக்குமானது. அதற்குப் பிறகான காலத்துக்கு வாரியம் புதிதாக மனுப் போட்டாக வேண்டும். மனு வந்த பிறகு அதைப் பற்றி ஆணையத்துக்குக் கருத்தோ ஆட்சேபனையோ எழுத நமக்குக் கிடைக்கும் அவகாசம் சில வாரங்கள்தான். படித்துப் புரிந்துகொண்டு எழுத அது போதாது. இப்போதே தயாராகிவிடுவது நல்லது.

கரண்ட் பில்லை ஏத்துறது கவர்மெண்டுதானே? நடுவுல ஆணையம் எங்க வந்துச்சு?

சட்டப்படி கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 1999ல் அமைந்தது. இப்போது அதற்கு அதிகாரம் தருவது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம். நமக்கு மின்சாரம் விநியோகிப்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். 2010ல் மின்வாரியத்தைப் பிரித்தபோது டான்ஜெட்கோ ஆனது, 2024ல் மறுபடி பிரித்தபோது இந்தப் பெயருக்கு வந்தது. மக்கள் வாயில் இன்றும் அது ஈ.பி.தான், வாரியம்தான். இங்கேயும் வாரியம் என்றே எழுதுகிறேன்.

செலவு இவ்வளவு, வரவு இவ்வளவு, இவ்வளவு துண்டு விழுகிறது, ஆகவே இந்த விலை வேண்டும் என்று வாரியம் மனுப் போடும். ஆணையம் கணக்கைச் சரிபார்த்து உத்தரவு போடும். அரசு நேரடியாக உள்ளே வருவது முக்கியமாக மானியத்தில்தான். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

கருத்து கேட்கிறதெல்லாம் சும்மா சம்பிரதாயம்தானே?

இல்லை. சட்டத்தின் 64ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. மனுவின் சுருக்கத்தை வாரியம் பொதுவில் வெளியிட வேண்டும். பொதுமக்களிடமிருந்து வந்த ஆலோசனைகள், ஆட்சேபனைகள் எல்லாவற்றையும் பரிசீலித்த பிறகுதான் ஆணையம் உத்தரவு போட முடியும். மனு வந்த 120 நாளுக்குள் அதை முடிக்கவும் வேண்டும். இதற்கு முந்தைய 1998ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, கட்டணம் நிர்ணயிக்கும்போது தங்கள் வாதத்தைச் சொல்ல நுகர்வோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று மேற்கு வங்க ஆணையத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002ல் தீர்ப்புச் சொன்னது. அந்த உரிமையைப் பறிக்க வாரியத்தாலும் முடியாது, அரசாலும் முடியாது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது வாக்கெடுப்பு அல்ல. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வேண்டாம் என்றாலும் கட்டணம் ஏறலாம். நாம் வைக்கும் கேள்விக்கு வாரியமும் ஆணையமும் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலையை உண்டாக்குவதுதான் நம் கையில் இருக்கும் பலம். இந்தப் பக்கத்தில் நான் எதைச் சொன்னாலும் அடிப்படை இதுதான்.

மனு போட்டது நமக்கு எப்படித் தெரியும்?

தமிழ், ஆங்கில நாளிதழ்களில் விளம்பரம் வரும். ஆணையத்தின் இணையதளத்திலும் வாரியத்தின் இணையதளத்திலும் முழு மனுவைப் போடுவார்கள். எந்தத் தேதிக்குள் எழுத வேண்டும், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், எந்த ஊர்களில் கூட்டம் என்பதெல்லாம் அந்த அறிவிப்பிலேயே இருக்கும். 2022ல் கோவை, மதுரை, சென்னை என்று மூன்று ஊர்களில் ஆகஸ்ட் மாதம் கூட்டம் நடந்தது, செப்டம்பர் 9ஆம் தேதி உத்தரவு வந்தது, மறுநாளே புதிய விலை அமலுக்கு வந்துவிட்டது. அவ்வளவு வேகம். கட்டணம் ஏறுகிறது என்று தொலைக்காட்சியில் பார்த்த பிறகு எழுதலாம் என்று இருந்தால் நாள் கடந்திருக்கும்.

மனு நூத்துக்கணக்குல பக்கம், அதுவும் இங்கிலீஷ்ல. எதைன்னு படிக்கிறது?

எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். முதலில் பழைய விலையும் கேட்கும் விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அட்டவணையைத் தேடுங்கள். உங்கள் இணைப்பு எந்த வகை என்பது பில்லிலேயே இருக்கும்: வீடு, கடை, சிறு தொழில், அடுக்குமாடிப் பொது இடம் என்று. அந்த வரியில் மட்டும் என்ன மாறுகிறது என்று பாருங்கள். யூனிட் விலையோடு நின்றுவிடாதீர்கள். நிலைக்கட்டணம் (எவ்வளவு ஓட்டினாலும் கட்ட வேண்டிய தொகை), ஸ்லாப் எல்லை (எத்தனை யூனிட்டைத் தாண்டினால் விலை மாறும் என்பது), உச்ச நேரக் கூடுதல் கட்டணம் (மின்தேவை அதிகமான நேரத்துக்கானது), புது இணைப்புக்கான கட்டணம் ஆகியவற்றையும் பாருங்கள். சத்தமில்லாமல் வரும் மாற்றங்கள் அங்கேதான் இருக்கும்.

அடுத்து மொத்த வருவாய்த் தேவை என்ற அத்தியாயம். வருஷத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்ற கணக்கு அது. மின்சாரம் வாங்கும் செலவு, சொந்த உற்பத்திச் செலவு, ஊழியர் செலவு, பராமரிப்பு, கடன் வட்டி, தேய்மானம் என்று பிரித்திருப்பார்கள். பெரும்பங்கை விழுங்குவது மின்சாரம் வாங்கும் செலவு. வட்டியும் பெரிய தொகை. இந்த இரண்டிலும் போன வருஷத்தைவிட இந்த வருஷம் ஏன் கூடியது என்று காரணம் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெறும் சதவீத ஏற்றம் மட்டும் போட்டுக் காரணம் இல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக லைன் லாஸ். வாங்கிய மின்சாரத்தில் பில் போடாமல் வழியிலேயே போவது எவ்வளவு என்ற கணக்கு. ஆணையம் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கும். அதற்கு மேல் போனதை நம் தலையில் கட்டக்கூடாது என்று கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது. நான்காவது, முந்தைய உத்தரவில் ஆணையம் இட்ட கட்டளைகளுக்கு வாரியம் சொல்லும் பதில். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஏன் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

"ஏத்தாதீங்க, ஏழைங்க தாங்க மாட்டோம்"னு எழுதினா போதாதா?

உண்மைதான், எழுதலாம், தவறில்லை. ஆனால் அதற்கு ஆணையத்தின் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும்: செலவை ஈடுகட்ட ஏற்றம் தேவை, சாமானியர் நலன் கருத்தில் கொள்ளப்பட்டது. உங்களைப் போல எழுதிய எல்லாருக்கும் சேர்த்து அந்த ஒரு வரிதான்.

பதில் சொல்ல வைக்கும் ஆட்சேபனையில் மூன்று விஷயம் இருக்கும்: எந்தப் பக்கத்தில் உள்ள எந்த எண், அது ஏன் சரியில்லை, அதற்குப் பதிலாக என்ன வேண்டும். ஓர் உதாரணம் பார்க்கலாம். 2022 உத்தரவின் வீட்டுக் கட்டணத்தில், இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை ஓட்டினால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு 2.25 ரூபாய், அடுத்த 200க்கு 4.50, கடைசி 100க்கு 6 ரூபாய். கூட்டினால் 1,725 ரூபாய். 501 யூனிட் ஆனால் அந்த 2.25 ரூபாய் விலையே கிடையாது. 101லிருந்து 400 வரை எல்லாவற்றுக்கும் 4.50, அடுத்த 100க்கு 6, கடைசி ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுகிறது.

இதை வைத்து இப்படி எழுதலாம்: "இன்ன பக்க அட்டவணைப்படி 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு ஒரு யூனிட்டில் 233 ரூபாய் கூடுகிறது. எல்லைக்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு மட்டும் கூடுதல் விலை வசூலிக்க வேண்டும். 490 முதல் 510 யூனிட் வரை பயன்படுத்தும் இணைப்புகள் எத்தனை, இந்த மாற்றத்தால் வாரியத்துக்கு எவ்வளவு வருவாய் குறையும் என்ற விவரத்தை வாரியம் தாக்கல் செய்ய ஆணையம் உத்தரவிட வேண்டும்." நாலே வரிதான். ஆனால் இதை "சாமானியர் நலன் கருத்தில் கொள்ளப்பட்டது" என்று தள்ளிவிட முடியாது. ஏற்கலாம், மறுக்கலாம், எதுவானாலும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். கோபம் இருந்தால் கடிதத்தின் கடைசிப் பத்தியில் எழுதுங்கள். முதல் பத்தியில் எண் இருக்கட்டும்.

தமிழ்ல எழுதலாமா? அப்புறம் வக்கீல் வெச்சுக்கணுமா?

தமிழில் எழுதலாம், கூட்டத்திலும் தமிழில் பேசலாம். பெரும்பாலானவர்கள் தமிழில்தான் பேசுகிறார்கள். வக்கீல் தேவையில்லை. பெயர், முகவரி, மின் இணைப்பு எண் போட்டு, பாயிண்டுகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து எழுதுங்கள். எண் கொடுத்தால் எதற்குப் பதில் வந்தது, எதற்கு வரவில்லை என்று பிறகு சரிபார்ப்பது சுலபம். எத்தனை பிரதி, தபாலா மின்னஞ்சலா என்பது அந்தந்த அறிவிப்பைப் பொறுத்தது. அனுப்பியதற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள்.

நான் வாடகை வீட்டுல இருக்கேன். மீட்டர் ஓனர் பேர்ல இருக்கு. என் பேச்சு எடுபடுமா?

எடுபடும். 64ஆம் பிரிவு சொல்வது "பொதுமக்கள்" என்று. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. மின் இணைப்புள்ள இடத்தில் இருந்துகொண்டு மின்சாரம் பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான். உண்மையில் வாடகைக்காரர்கள் எழுதினால்தான் சில விஷயம் வெளியே வரும். ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் இருந்தால் 500 யூனிட் எல்லையை மூன்று குடும்பமும் சேர்ந்து தாண்டுகின்றன. அந்தச் சுமையைத் தூக்குவது அவர்கள். தனி மீட்டர் வாங்கித் தராத வீட்டுக்காரர் இதை ஆணையத்துக்கு எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியுமா?

கூட்டத்துக்கு நேர்ல போகணுமா? ரெண்டு நிமிஷத்துல மைக்கை வாங்கிடுவாங்களே?

எழுதி அனுப்பியிருந்தால் போகாமலும் இருக்கலாம், எழுத்துக்கும் அதே மதிப்புதான். ஆனால் போக முடிந்தால் போங்கள். ஆணையத்தின் தலைவரும் உறுப்பினர்களும் மேடையில் இருப்பார்கள், வாரிய அதிகாரிகளும் இருப்பார்கள். பேச வருகிறவர்கள் அதிகம் என்பதால் நேரம் குறைவாகத்தான் கிடைக்கும். எழுதியதை முழுக்க வாசிக்க முயலாதீர்கள். ஒரே பாயிண்ட், ஒரே எண், ஒரே கோரிக்கை போதும். "மீதி எழுத்தில் கொடுத்திருக்கிறேன்" என்று பிரதியைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஆவண மூட்டைகளோடு வரும் தொழில் அமைப்புகளையும் விவசாயச் சங்கங்களையும் அங்கே பார்ப்பீர்கள். நூற்பாலைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் மின்சாரம் பெரிய செலவு, அதனால் ஆள் வைத்துத் தயாரித்து வருகிறார்கள். வீட்டு நுகர்வோர் சார்பில் அப்படி வருகிறவர்கள் குறைவு. எனக்கு இதில் ரொம்ப வருத்தம். மகாராஷ்டிரத்தில் நுகர்வோர் சார்பாகப் பேச அமைப்புகளை ஆணையமே அங்கீகரித்திருக்கிறது. புனேயின் பிரயாஸ் அமைப்பு அப்படிப் பல வருஷம் வேலை செய்தது. சட்டத்தின் 94ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. நம் ஊரிலும் அப்படி ஓர் அமைப்பை நியமியுங்கள் என்பதையே ஓர் ஆலோசனையாக எழுதலாம்.

ஒரே லெட்டரை ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினா வேலைக்கு ஆகுமா?

இது வாக்கெடுப்பு இல்லை என்று இரண்டாவது பதிலில் சொன்னது இங்கேயும் பொருந்தும். ஒரே வாசகம் ஆயிரம் தடவை வந்தாலும் உத்தரவில் ஒரு பாயிண்டாகத்தான் நிற்கும். அதே ஆயிரம் பேரில் இருபது பேர் தங்கள் பில்லை இணைத்து, தங்கள் வீட்டுக் கணக்கைத் தனித்தனியாக எழுதினால் இருபது சான்றுகள் ஆகும். கையெழுத்து வாங்க அலைகிற நேரத்தில் பில் நகல் வாங்குங்கள் என்று எங்கள் சங்கத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கையெழுத்து இயக்கம் வீண் என்று சொல்லவில்லை. மானியம் தர அரசை அசைக்க அது உதவும். ஆணையத்துக்கு வேறு, அரசுக்கு வேறு என்று பிரித்துச் செய்யுங்கள்.

எங்க ஏரியாவுல தினம் சாயங்காலம் லோ வோல்டேஜ். அதை அங்க போய்ச் சொல்லலாமா?

சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், ஆனால் அந்தக் கூட்டத்தில் அது தீராது. அதற்கு வேறு பாதை இருக்கிறது. முதலில் பிரிவு அலுவலகம், அல்லது 2021ல் தொடங்கிய மின்னகம் சேவை மையத்தின் 94987 94987. புகார் எண் வாங்குவது முக்கியம். தீராவிட்டால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர். இவை இரண்டும் சட்டத்தின் 42ஆம் பிரிவில் உள்ளவை.

ஆனால் உங்கள் தெருக் குறையை எல்லாருக்குமான கேள்வியாக மாற்ற முடியும். வாரியத்துக்குச் செயல்திறன் அளவுகோல்கள் உண்டு. இத்தனை நேரத்தில் பழுது நீக்க வேண்டும், தவறினால் இழப்பீடு தர வேண்டும் என்பது 57ஆம் பிரிவு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை விதிகள், 2024ல் திருத்தியபடி, புது இணைப்பைப் பெருநகரத்தில் 3 நாளிலும் மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாளிலும் கிராமத்தில் 15 நாளிலும் தரச் சொல்கின்றன. மலைப்பகுதி கிராமங்களுக்கு மட்டும் 30 நாள். கட்டணம் ஏற்றக் கேட்கும் வாரியத்திடம், போன வருஷம் எத்தனை பேருக்குத் தாமதத்துக்காக இழப்பீடு கொடுத்தீர்கள், மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் புகார் எண்களை ஆதாரமாக இணையுங்கள். விலை கூடும்போது சேவையின் கணக்கையும் கேட்பது முழுக்க நியாயம்.

நாம எழுதினதுக்குப் பதில் வருமா? வீட்டுக்கு லெட்டர் வருமா?

ஆணையத்தின் பதில் உத்தரவுக்குள்ளேயே வரும். நிறைய பேர் இது தெரியாமல் "பதிலே இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். உத்தரவில் பொதுமக்கள் கருத்துக்கென்று ஒரு பகுதி இருக்கும். ஒவ்வொரு விஷயத்திலும் மக்கள் சொன்னது, வாரியம் சொன்ன பதில், ஆணையத்தின் கருத்து என்று மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். எண் போட்டு எழுதிய உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

மூன்று வகையான பதில்களைப் பார்ப்பீர்கள். ஏற்று மாற்றியது ஒன்று. காரணத்தோடு மறுத்தது இன்னொன்று. மூன்றாவது வகைதான் கவனிக்க வேண்டியது: "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று விட்டது. கேள்வி எண்ணோடு இருந்தும் பதில் அப்படி வந்திருந்தால் அதை அடுத்த மனுவில் மறுபடி எழுப்புங்கள், "போன உத்தரவில் இதற்குக் காரணம் சொல்லப்படவில்லை" என்ற வாசகத்தோடு. இரண்டாம் தடவை தட்டிக்கழிப்பது கடினம்.

இதுவரைக்கும் சொல்லி எதாவது மாறியிருக்கா, சொல்லுங்க?

மாறியிருக்கிறது. ஆனால் பல மாற்றங்கள் உத்தரவுக்குப் பிறகு வந்தவை. 2022 உத்தரவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொது விளக்கு, தண்ணீர் மோட்டாருக்கென்று தனிக் கட்டண வகை வந்தது, யூனிட் 8 ரூபாய். லிஃப்டும் நீச்சல் குளமும் உள்ள பெரிய வளாகத்துக்கும், மாடிப்படியில் நாலு பல்பு எரியும் சின்னக் குடியிருப்புக்கும் ஒரே விலை. ஆட்சேபனை தொடர்ந்தது. 2023 அக்டோபரில் அரசு இறங்கிவந்தது: பத்து வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 5.50 ரூபாய் ஆக்கப்பட்டது. அதே போல, சிறு தொழில்களுக்கான உச்ச நேரக் கூடுதல் கட்டணம் 25 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக 2022 நவம்பரில் குறைந்தது.

இந்த இரண்டிலும் கேட்டவர்கள் மொத்த ஏற்றத்தையும் ரத்து செய்யச் சொல்வதோடு நிற்கவில்லை. இந்த வகைக்கு, இந்த விலை, இந்தக் காரணத்தால் பொருந்தாது என்று பிரித்துக் காட்டினார்கள். அடுக்குமாடி விஷயத்தைப் பற்றி மனு நிலையிலேயே இன்னும் பலர் எழுதியிருந்தால் ஒரு வருஷம் கூடுதலாகக் கட்டியிருக்க வேண்டாமே என்பது என் ஆதங்கம்.

"வீடுகளுக்கு ஏற்றம் இல்லை, அரசே ஏற்கும்"னு சொல்றாங்க. அப்ப நாம ஏன் மெனக்கெடணும்?

65ஆம் பிரிவுப்படி, ஆணையம் நிர்ணயித்த விலையைவிடக் குறைவாக மக்களிடம் வாங்க வேண்டும் என்று அரசு நினைத்தால் அந்த வித்தியாசத்தை வாரியத்துக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டும். 2016லிருந்து எல்லா வீடுகளுக்கும் கிடைக்கும் 100 யூனிட் இலவசத்துக்கும் அரசு இப்படித்தான் மானியம் தருகிறது. 2025 ஜூலையில் 3.16 சதவீத ஏற்றத்திலிருந்து வீடுகள் தப்பியதும் இந்த மானியத்தால்தான்.

மானியம் அந்தந்த அரசின் முடிவு, உத்தரவில் உள்ள விலைதான் அடித்தளம். 2023ல் வீடுகளுக்கான ஏற்றத்தை அரசு ஏற்றது, 2024ல் ஏற்கவில்லை, 4.83 சதவீதம் வீடுகளுக்கும் ஏறியது. அடித்தள விலை நியாயமாக இருந்தால்தான் மானியம் நிற்கும் நாளில் நாம் தாங்குவோம். தவிர, மானியப் பணமும் மக்கள் பணம்தான்.

வருஷா வருஷம் ஜூலைல ஏறுதே, அதுக்கு மட்டும் ஏன் கூட்டமே வைக்கிறதில்ல?

ஏனென்றால் அதற்கான கூட்டம் 2022லேயே முடிந்துவிட்டது. அந்த உத்தரவிலேயே, ஒவ்வொரு ஜூலையிலும், விலைவாசியைக் காட்டும் நுகர்வோர் விலைக் குறியீட்டின் ஏற்றம் அல்லது 6 சதவீதம், இதில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் ஏறலாம் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. வருஷா வருஷம் நடப்பது அந்தச் சூத்திரத்தின் கணக்கு மட்டும்தான்.

அடுத்த மனுவில் பலர் கோட்டைவிடப்போகும் இடம் இது என்று நினைக்கிறேன். முதல் வருஷ விலையைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள். அடுத்த நாலு வருஷத்துக்கான சூத்திரம் ஒரு பத்தியில் இருக்கும். விலைவாசி ஏறினால் வாரியத்தின் செலவு முழுக்க அதே அளவில் ஏறுமா? கடன் வட்டியும் தேய்மானமும் விலைக் குறியீட்டோடு நகர்வதில்லை. அப்படியிருக்க முழுக் கட்டணத்தையும் குறியீட்டோடு கட்டுவது ஏன்? இந்தக் கேள்வியை மனு நிலையில் கேட்டால்தான் பதில் வரும்.

வாரியமே கடன்ல மூழ்கிக் கிடக்கு. நாமளும் எதிர்த்தா கரண்டே வராமப் போயிடாதா?

நியாயமான கவலை. 2021ல் மாநில அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையே வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டதைச் சொன்னது. 2014 டிசம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை கட்டணம் மாறாமல் இருந்தது, பிறகு ஒரேயடியாக ஏறியது. அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. மாநில ஆணையங்கள் ஆண்டுதோறும் கட்டணத்தைப் பரிசீலிக்க வேண்டும், மனு வராவிட்டால் தாமாகவே தொடங்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரிலேயே சொல்லியிருந்தது.

ஆகவே எந்த ஏற்றமும் கூடாது என்று நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. சட்டத்தின் 61ஆம் பிரிவு நுகர்வோர் நலனையும், செலவு நியாயமான முறையில் திரும்பக் கிடைப்பதையும் சேர்த்தே சொல்கிறது. அதில் "நியாயமான" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். லைன் லாஸ் அதிகமானதால் வந்த செலவு, திட்டம் பல வருஷம் இழுத்ததால் கூடிய வட்டி, அவசரத்தில் அதிக விலைக்கு வாங்கிய மின்சாரம் போன்றவற்றை நுகர்வோர் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பது வாரியத்தைக் கெடுப்பது ஆகாது.

ஆணையத்தை நியமிக்கிறதே அரசு. அவங்க எப்படி நடுநிலையா இருப்பாங்க?

நியமனம் அரசுடையது, தேர்வு தனிக் குழுவுடையது. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் தலைமையில், தலைமைச் செயலாளரும் மத்திய அளவிலான மின்துறை அமைப்பின் தலைவர் ஒருவரும் கொண்ட குழு பெயர்களைப் பரிந்துரைக்கும். பதவி ஐந்து வருஷம், அதே பதவிக்கு மறு நியமனம் கிடையாது. ஆணையத்தில் சட்டம் அறிந்த உறுப்பினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் கட்டாயமாக்கியது.

இத்தனை இருந்தும் சந்தேகம் வரலாம், அது இயல்புதான். நம்பிக்கையை மட்டும் வைத்து இதை அணுகத் தேவையில்லை. காரணம் எழுத்தில் இருக்கிறது, எழுத்தில் இருப்பதை மேல்முறையீட்டில் கேள்வி கேட்கலாம்.

நம்ம ஆட்சேபனையைத் தள்ளிட்டா மேல என்ன வழி?

உத்தரவால் பாதிக்கப்பட்ட யாரும் 111ஆம் பிரிவின்படி 45 நாளுக்குள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம். ஆனால் இங்கே வக்கீல் வேண்டியிருக்கும், செலவும் ஆகும். தனி வீட்டுக்காரர் செய்வது கஷ்டம், சங்கங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்தால் முடியும். அப்படிப் போகிறவர்களுக்கு முதலில் கை கொடுப்பது, ஆரம்பத்தில் எழுதிய ஆட்சேபனைதான். அன்றைக்கு எழுப்பாத கேள்வியை மேலே போய்ப் புதிதாக எழுப்பினால் வலு குறைவு.

ஆணையம் வாரியத்துக்கு அதைச் செய், இதைச் செய்னு உத்தரவுல எழுதுது. செஞ்சாங்களான்னு யார் பாக்குறது?

ஆணையம் பார்க்க வேண்டும். கட்டளையை மீறினால் 142ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 6,000 ரூபாய் வரை. ஆனால் யாராவது கேட்டால்தான் இது நகரும்.

மனுவில் பழைய கட்டளைகளுக்கான பதில் அத்தியாயம் எனக்குப் பிடித்தது என்று சொன்னேனே, காரணம் இதுதான். 2022 உத்தரவில் உள்ள கட்டளைகளை இப்போதே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். புது மனு வந்ததும் அந்த அத்தியாயத்தைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று மட்டும் இருந்தால், எந்தத் தேதிக்குள் முடியும், முடியாவிட்டால் அதற்கான செலவை ஏன் எங்களிடம் கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள். படிக்கவேண்டியது சில பக்கம்தான், பொறியியலோ கணக்கோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதல் தடவை ஆட்சேபனை எழுதுகிறவர்களுக்கு நான் கையில் கொடுப்பது இந்த அத்தியாயத்தைத்தான்.